கால் எடுத்தால் ஆஃப்: ஸ்லோ நிற்காத ஒரு டீசல் பிக்கப்

“ஸ்லோ நிக்க மாட்டேங்குதுண்ணா. ஆக்ஸிலேட்டர்ல இருந்து கால எடுத்தா ஆஃப் ஆயிடுது. ரேஸ் குடுத்துப் புடிச்சிருந்தா ஓடுது.”

ஆனி மாத ஆரம்பத்தில் சந்தூர் பக்கமிருந்து வந்த டிரைவர் தம்பி சொன்னது இவ்வளவுதான். ஸ்லோ என்றால் ஆக்ஸிலேட்டரைத் தொடாதபோதும் இன்ஜின் அணையாமல் தானாக ஓடுகிற குறைந்த வேகம். கிருஷ்ணகிரியில் டீசல் வண்டி பார்க்கிற எந்தப் பட்டறைக்கும் இது புதுப் புகார் இல்லை. ஆனால் இந்த வண்டி என்னிடம் இரண்டு தடவை வந்தது. முதல் தடவை சரி செய்துவிட்டேன் என்று நினைத்து அனுப்பினேன், சரியாகவில்லை. எங்கே தவறினேன் என்பதையும் சேர்த்து, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

வண்டி 2.5 லிட்டர், நான்கு சிலிண்டர், காமன் ரெயில் டீசல், பிஎஸ்4 புகை விதிக்கான இன்ஜின். காமன் ரெயில் என்றால், பம்ப் அழுத்தி அனுப்புகிற டீசல் ‘ரெயில்’ என்கிற ஒரே குழாயில் நின்று, அங்கிருந்து ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் டீசல் அடிக்கிற நாஸிலுக்குப் பிரிந்து போகும். ஓடியது 1,40,000 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். சீசனில் பெங்களூரா காயை மாங்கூழ் ஃபேக்டரிக்கும் செந்தூராவை சேலத்துக்கும் ஏற்றும். சீசன் முடிந்தால் ராயக்கோட்டை மார்க்கெட்டுக்குத் தக்காளி. வண்டிக்காரர் அறுபது வயதைத் தாண்டிய மாந்தோப்பு விவசாயி. என்னிடம் வருவதற்கு முன்பே வேறொரு பட்டறையில் காட்டியிருந்தார். அங்கே டீசல் ஃபில்டர் மாற்றி, இஜிஆர் வழியை (எரிந்த புகையில் கொஞ்சத்தை மறுபடி இன்ஜினுக்குள் விடுகிற வழி) தகரம் வெட்டி அடைத்து, “பம்பும் நாலு நாஸிலும் போச்சு, ரூ.85,000 ஆகும்” என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். சீசன் முடியட்டும் பார்த்துக்கொள்ளலாம் என்று அவரும் விட்டுவிட்டார்.

சீசன் முடியும்வரை காத்திருக்க முடியாமல் செய்தது தொப்பூர் கணவாய். சேலத்துக்கு லோடு ஏற்றிப் போனபோது, இறக்கத்தில் கியர் மாற்ற கிளட்ச் மிதித்திருக்கிறான் தம்பி. அந்த நொடியில் இன்ஜின் நின்றுவிட்டது. கியரில் இருக்கிறவரை சக்கரமே இன்ஜினைச் சுற்றிக்கொண்டிருக்கும், நின்றது தெரியாது. கிளட்ச் மிதித்ததும் அந்தப் பிடி போய்விடுகிறது. ஸ்டியரிங் இறுகியது. இரண்டு தடவை பிரேக் மிதித்ததும் மூன்றாவது மிதி கல் மாதிரி இருந்தது என்றான். பிரேக் மிதியை லேசாக்க பூஸ்டருக்கு உதவுகிற வாக்கம் (வெற்றிட இழுப்பு), ஆல்டர்னேட்டரோடு சேர்ந்து சுற்றுகிற பம்பிலிருந்து வருகிறது. இன்ஜின் நின்றால் பூஸ்டரில் மிச்சமிருக்கிற வாக்கம் இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும். அவன் பதறாமல் கிளட்சை விட்டான்; கியரில் இன்ஜின் மறுபடி பிடித்துக்கொண்டது. ஒரு டன்னுக்கு மேல் மாங்காய், தொப்பூர் இறக்கம், முன்னாலும் பின்னாலும் லாரிகள். ஸ்லோ நிற்காதது சின்னத் தொல்லை என்று யாராவது சொன்னால் இதைத்தான் சொல்லிக் காட்டுவேன்.

முதல் தடவை

வண்டியை முந்தைய நாள் இரவே விட்டுப் போயிருந்தார்கள். காலை எட்டு மணிக்கு செல்ஃப் அடித்தேன். ஒரே சுற்றில் ஸ்டார்ட். ஸ்லோ 800 ஆர்பிஎம்-இல் ஆடாமல் அசையாமல் நின்றது. ஸ்கேனர் போட்டால், குறையைச் சொல்கிற குறியீடு (கோடு) ஒன்றே ஒன்று, பி0087: ரெயிலில் டீசல் அழுத்தம் குறைவு.

இந்தக் கோடு எந்தப் பாகம் கெட்டது என்று சொல்லாது. டேங்கிலிருந்து பம்புக்கு டீசல் சரியாக வராமல் இருக்கலாம். பம்ப் தளர்ந்திருக்கலாம். பம்புக்குள் போகிற டீசலை அளந்து விடுகிற மீட்டரிங் வால்வு சிக்கியிருக்கலாம். ரெயில் முனையிலுள்ள வால்வோ ஏதாவது ஒரு நாஸிலோ, கட்டிய அழுத்தத்தை ரிட்டர்னில் (மிச்ச டீசல் டேங்குக்குத் திரும்புகிற பைப்பில்) கசிய விட்டுக்கொண்டிருக்கலாம். ‘அழுத்தம் குறைவு’ என்று படித்ததும் ‘பம்ப் போச்சு’ என்று முடிவு கட்டுவதில்தான் எங்கள் தொழிலில் வாடிக்கையாளரின் பணம் வீணாகிறது.

முதலில் இஜிஆர் தகரத்தை எடுத்தேன். அந்த வால்வு கரி பிடித்து திறந்தபடி சிக்கினாலும் ஸ்லோ நிற்காது என்பது உண்மைதான். இதில் வால்வு நன்றாகவே மூடித் திறந்தது. அடைப்புத் தகரம் எதையும் குணப்படுத்துவதில்லை, புகையில் நைட்ரஜன் ஆக்சைடு என்கிற நச்சு வாயுதான் கூடும். சுத்தம் செய்து பழையபடி மாட்டினேன்.

அப்புறம் ஃபில்டரிலிருந்து பம்புக்குப் போகிற பைப்புக்கு நடுவில் உள்ளே ஓடுவது தெரிகிற ஒரு முழம் டியூப் போட்டேன். டீசலோடு பொடிப் பொடியாகக் குமிழி வந்தது. ஹேண்ட் பிரைமர் (கையால் அழுத்தி டீசல் ஏற்றுகிற சின்ன பம்ப்) பக்கத்து இணைப்பில் ஓ-ரிங் வெட்டுப்பட்டிருந்தது. புது ஃபில்டர் மாட்டின அவசரத்தில் பழைய ரிங்கையே நசுக்கி ஏற்றியிருக்கிறார்கள். உறிஞ்சுகிற பக்கம் என்பதால் டீசல் வெளியே ஒழுகாது, காற்று உள்ளே போகும். அதனால் கண்ணுக்குத் தப்பிவிடும். ரிங் மாற்றியதும் குமிழி நின்றது.

ரிட்டர்ன் டெஸ்டும் செய்தேன். நான்கு நாஸிலின் ரிட்டர்ன் பைப்பையும் கழற்றி, நான்கு பாட்டிலில் விட்டு, இரண்டு நிமிடம் ஓடவிட்டுப் பார்ப்பது. 18, 20, 27, 19 மில்லி. மூன்றாவது கொஞ்சம் கூடத்தான். பெரிய வித்தியாசம் இல்லை என்று விட்டேன். காலி வண்டியில் கிருஷ்ணகிரி டேம் வரைக்கும் போய்த் திரும்பினேன். கால் எடுத்தாலும் ஸ்லோ நின்றது, ஆஃப் ஆகவில்லை. கையில் பிடித்த குற்றம் ஒன்று இருந்ததால், வேறொன்று இருக்கும் என்று மனம் தேடவில்லை. வண்டியைக் கொடுத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் மாங்கூழ் ஃபேக்டரி வாசலிலிருந்து போன். “அண்ணா, லைன்ல நிக்கிறேன். கால எடுத்தா ஆஃப் ஆவுது. பழையபடிதாண்ணா.”

டிரைவரிடம் கேட்காமல் விட்டது

இரண்டாவது தடவை வண்டி வந்ததும் பானட்டைத் திறக்கவில்லை. தம்பியை உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, அரை மணி நேரம் கேட்டேன். காலையில் எப்படி? “காலைல ஒண்ணும் இல்லண்ணா, ஜம்முனு நிக்கும்.” எப்போது ஆரம்பிக்கிறது? லோடு ஏற்றி மேடு ஏறின பிறகு, இல்லாவிட்டால் ஃபேக்டரி வரிசையில் நின்று நின்று நகரும்போது. ஆஃப் ஆனால் உடனே ஸ்டார்ட் ஆகுமா? “செல்ஃப் கொஞ்சம் நேரம் அடிக்கணும்ணா. அதனாலதான் நான் ஆஃப்பே பண்றதில்ல, டீ குடிக்கக்கூட ஓட விட்டுட்டுத்தான் இறங்குவேன்.”

இது முதல் நாளே தெரிந்திருந்தால் பாதி வேலை அன்றைக்கே முடிந்திருக்கும். குளிரில் நல்ல ஸ்டார்ட், சூட்டில் நீண்ட செல்ஃப், சூட்டில் ஸ்லோ நிற்காமை: மூன்றும் சேர்ந்தால் அழுத்தம் எங்கோ கசிகிறது என்று பொருள். சூடானால் டீசல் நீர்த்துப்போகும். குளிரில் நுழையாத இடுக்கில் சூட்டில் நுழையும். தம்பி ஒரு நேரத்துக்கு 500 ரூபாய்க்குத்தான் டீசல் போடுவான் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. நாஸிலிலிருந்து திரும்புகிற டீசல் சூடாக டேங்கில் விழுகிறது. டேங்க் நிறைய இருந்தால் அந்தச் சூட்டைத் தாங்கும். அடியில் பத்து லிட்டர் மட்டும் இருந்தால் ஒரு மணி நேரத்தில் டேங்கே சூடாகிவிடும்.

நான் டெஸ்ட் செய்தது காலை எட்டு மணிக்கு, இரவெல்லாம் ஆறிய இன்ஜினில், காலி வண்டியில். வண்டி கெடுவது மதியம் இரண்டு மணிக்கு, லோடோடு.

அதனால் லோடை இறக்க வேண்டாம் என்று சொல்லி, மாங்காய் கிரேட்களோடேயே வண்டியை எடுத்தோம். வண்டிக்காரர், “காய் வாடிப் போயிரும் தம்பி” என்றார். ஒரு மணி நேரம் மட்டும் கொடுங்கள் ஐயா என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். ஓசூர் ரோட்டில் குருபரப்பள்ளி தாண்டி மேலுமலை ஏற்றம். தம்பி ஓட்ட, ஸ்கேனரை மடியில் வைத்து நான் பக்கத்தில். ஏறும்போது குறை ஒன்றும் இல்லை. ரெயிலில் கேட்ட அழுத்தம் அப்படியே வந்தது. ஏற்றம் முடிந்து ஓரம் கட்டி, கால் எடுக்கச் சொன்னேன்.

ஸ்லோவுக்கு இந்த இன்ஜின் கேட்பது சுமார் 300 பார் அழுத்தம். திரையில் 290, 260, 225. மீட்டரிங் வால்வை முழுக்கத் திறக்கச் சொல்லி கம்ப்யூட்டர் கட்டளை கொடுத்துக்கொண்டே இருக்கிறது. 190. ஆர்பிஎம் 650, 500. ஆஃப். வண்டி நின்ற பிறகு கேபினுக்குள் ஒரே அமைதி. தம்பி என்னைப் பார்த்தான். எனக்கு உண்மையில் சந்தோஷமாக இருந்தது. கண்ணெதிரே கெட்டதை அளந்துவிட்டோமே.

ரேஸ் கொடுத்தால் ஏன் ஓடுகிறது என்று பல டிரைவர்கள் கேட்பார்கள். சொட்டுநீர் போட்ட தோப்பை நினைத்துக்கொள்ளுங்கள். பைப் ஓரிடத்தில் உடைந்திருக்கிறது. மோட்டார் முழு வேகத்தில் ஓடினால் உடைப்பில் போனது போக மிச்சத் தண்ணீர் எல்லா மரத்துக்கும் போகும். கரண்டு குறைந்து மோட்டார் மெதுவாகச் சுற்றினால், வருகிற தண்ணீரையெல்லாம் உடைப்பே குடித்துவிடும். கடைசி மரத்தில் சொட்டு விழாது. ஸ்லோவில் பம்ப் மெதுவாகத்தான் சுற்றும். கசிவு மட்டும் தன் வேகத்தில் போய்க்கொண்டே இருக்கும்.

சூட்டில் நான்கு பாட்டில்

பட்டறைக்குத் திரும்பியதும் இன்ஜின் ஆற விடவில்லை. அதே நான்கு பாட்டில், அதே இரண்டு நிமிடம். ஸ்லோ நிற்காததால் தம்பியை 1,200 ஆர்பிஎம்-இல் பிடிக்கச் சொன்னேன். பாட்டிலில் டீசல் ஏறுவதைப் பார்த்தபோதே தெரிந்துவிட்டது. மற்ற மூன்றிலும் சொட்டுச் சொட்டாக விழ, மூன்றாவதில் நூல் பிடித்த மாதிரி ஓடியது. 28, 31, 96, 30.

காலையில் பார்த்த 27 உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. நான்தான் கேட்கவில்லை.

இங்கே நிறுத்தி ஒன்றைச் சொல்ல வேண்டும். பழைய இன்ஜின்களில் எந்த சிலிண்டர் மிஸ் அடிக்கிறது என்று பார்க்க, ஓடுகிற வண்டியில் நாஸில் பைப் நட்டைத் தளர்த்துவோம். எனக்குத் தொழில் கற்றுக் கொடுத்தவர் அப்படித்தான் கற்றுக் கொடுத்தார். காமன் ரெயிலில் அதைச் செய்யவே கூடாது. இந்த ரெயிலில் 1,600 பார் வரைக்கும் அழுத்தம் ஏறும். ஊசி முனையளவு இடைவெளியில் பீறிடுகிற டீசல் கையுறையையும் தோலையும் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். முதலில் சின்னப் புள்ளியாகத்தான் தெரியும், வலிகூட அதிகம் இருக்காது. ஆனால் அது அவசர சிகிச்சை; தாமதித்தால் விரலையே எடுக்க வேண்டி வரும். என் பட்டறைத் தம்பிகளுக்கு முதல் நாள் பாடம் இதுதான். இன்ஜினை அணைத்து, அழுத்தம் இறங்கப் பல நிமிடம் விட்டு, அப்புறம்தான் ஸ்பேனர்.

மூன்றாவது நாஸில் கசிகிறது. சரி, பம்ப் நல்லதா? இரண்டும் கெட்டிருந்தால்? வண்டிக்காரருக்கு ரூ.85,000 என்று ஏற்கெனவே ஒரு கணக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. அதில் பம்ப்தான் பெரிய பங்கு. சந்தேகமாகப் பேசி அனுப்ப எனக்கு விருப்பமில்லை. ரெயிலிலிருந்து மூன்றாவது நாஸிலுக்குப் போகிற பைப்பைக் கழற்றி, ரெயிலின் அந்த வாயை அதற்கான எஃகு மூடி போட்டு இறுக்கினேன். இனி மூன்றாவதுக்கு டீசல் கிடையாது, கசிவும் கிடையாது. மூன்று சிலிண்டரில்தான் ஓட வேண்டும்.

செல்ஃப் தொட்டதும் பிடித்தது. மூன்று காலில் நிற்கிற மாடு மாதிரி வண்டி முழுக்கக் குலுங்கியது. டேஷ்போர்டில் இருந்த பிள்ளையார் ஆடினார். “கால எடு” என்றேன். தயங்கித் தயங்கி எடுத்தான். குலுங்கிக்கொண்டே நின்றது. ஆஃப் ஆகவில்லை. திரையில் கேட்டது 300, வந்தது 300. ஐந்து நிமிடம் ஓடவிட்டோம், அப்படியே நின்றது. ஐயா பக்கத்தில் வந்து, “இப்ப ஒண்ணு கம்மியாத்தானே ஓடுது, எப்படி நிக்குது?” என்று கேட்டார். பம்ப் நன்றாக இருக்கிறது, அது கட்டுகிற அழுத்தத்தை மூன்றாவது நாஸில் மட்டும்தான் வீணாக்கியது என்று ஸ்கேனரைக் காட்டிச் சொன்னேன். அவர் திரையையும் மூடியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “அப்ப பம்பு வேணாம்” என்றார்.

நான்கு நாஸிலையும் கழற்றி, சேலத்தில் டெஸ்ட் பெஞ்ச் வைத்திருக்கிற பம்ப் கடைக்குக் கொண்டுபோனோம். அங்கே இருந்தவர் மூன்றாவதைப் பிரித்து, உள்ளே இருக்கிற வால்வின் இருக்கையை லென்ஸில் காட்டினார். காமன் ரெயில் நாஸிலில், கரண்டு வந்ததும் தூக்குகிற ஒரு சின்னக் குண்டு வால்வு உண்டு. அது மூடியிருக்கிறவரை ஊசி கீழே அழுந்தி நிற்கும்; திறந்ததும் மேலே உள்ள அழுத்தம் ரிட்டர்னில் இறங்கி, ஊசி எழும்பி டீசல் அடிக்கும். அந்தக் குண்டு உட்காருகிற வளையத்தில், நகத்தால் கீறின மாதிரி ஒரு மெல்லிய வாய்க்கால். வெறும் கண்ணுக்குத் தெரியாது. மூடியிருக்கும்போதும் அதன் வழியே டீசல் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. 2-உம் 4-உம் பெஞ்சில் நன்றாக இருந்தன. 1 எல்லைக்குள் இருந்தாலும் ஓரத்தில் நின்றது. அதை எழுதியே கொடுத்தார்.

மூன்றாவது மட்டும் புதிது. நான்கிலும் அடியில் காப்பர் வாஷர் புதிது. பழைய வாஷரை மறுபடி போட்டால் எரிந்த வாயு கசிந்து நாஸிலைக் கரி கட்டி ஒட்டிவிடும். நாஸில் தலையில் பொறித்திருக்கிற எழுத்தும் எண்ணும் கலந்த குறியீட்டை ஸ்கேனர் வழியாக கம்ப்யூட்டரில் ஏற்றினேன். இதைச் செய்யாமல் விடுகிறவர்கள் நிறைய. அந்த நாஸில் எவ்வளவு நேரம் திறந்தால் எவ்வளவு டீசல் விழும் என்கிற திருத்தம் அதில்தான் இருக்கிறது. ஏற்றாவிட்டால் புது நாஸிலே டக் டக்கென்று சத்தம் போடும்.

நீலக் கேன்

நாஸில் தானாகத் தேய்ந்து இப்படி ஆகாது என்று மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. ஃபில்டரின் அடித் திருகைக் கழற்றி ஒரு டம்ளரில் பிடித்தேன். முதலில் வந்தது டீசல் இல்லை. டீ நிறத்தில் தண்ணீர், அரை டம்ளர். அதன் அடியில் செம்மண் மாதிரி துரு படிந்தது. “தண்ணி லைட்டு எரியலையா தம்பி?” “அது ரொம்ப நாளா எரியுதுண்ணா. ஷார்ட்டுன்னு சொன்னாங்க.”

லைட் ஷார்ட் இல்லை. அது உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது.

ஐயா தோப்பில் டிராக்டருக்கும் பிக்கப்புக்கும் சேர்த்து நீல பிளாஸ்டிக் கேனில் டீசல் வைத்திருக்கிறார். மூடி தொலைந்து, சாக்குத் துணியைச் சுருட்டி வாயில் அடைத்திருக்கிறார்கள். கோடை மழை, இரவுப் பனி, தோப்புப் புழுதி எல்லாம் அதற்குள். காமன் ரெயிலில் டீசல்தான் எரிபொருளும் எண்ணெயும். பம்புக்கும் நாஸிலுக்கும் வழுவழுப்பு அதிலிருந்துதான். தண்ணீர் கலந்தால் அது போய்விடும், துரு வரும். அந்தத் துருப்பொடி அவ்வளவு அழுத்தத்தில் சின்ன வால்வு வழியே பாய்ந்தால் இரும்பை அரிக்கும். நாலு நாஸிலையும் புதிதாகப் போட்டிருந்தாலும், அந்தக் கேன் அப்படியே இருந்தால் அடுத்த ஆனியில் இதே வேலை வந்திருக்கும். அந்தக் காரணத்துக்காகவே பாகம் மாற்றுவதோடு நிறுத்தக்கூடாது என்று பிடிவாதமாக இருந்தேன்.

டேங்கை இறக்கிக் கழுவி, பைப்புகளைக் காற்றடித்து, புது ஃபில்டர் போட்டோம். எல்லாம் சேர்த்து பில் ரூ.27,600. முதல் தடவை ஓ-ரிங்குக்கு வாங்கின கூலியை அதில் கழித்துவிட்டேன். குற்றத்தைப் பாதியில் விட்டது நான்.

வண்டியைக் கொடுப்பதற்கு முன் மறுபடி லோடோடு மேலுமலை. ஓரம் கட்டி கால் எடுத்தான். 800. ஏசி இல்லாத கேபினில் இரண்டு பேருக்கும் வியர்வை ஒழுக, இருபது நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தோம். 800-இலிருந்து இறங்கவில்லை. தம்பி தானாகவே சாவியைத் திருப்பி ஆஃப் செய்தான். பத்து நிமிடம் கழித்து செல்ஃப். தொட்டதும் ஸ்டார்ட்.

ஆடி பிறந்து காய் வரத்து குறைந்த பிறகு வரச் சொல்லியிருந்தேன், வந்தார்கள். சூட்டில் பாட்டில் வைத்தேன்: 33, 30, 24, 31. ஒன்றாவது கொஞ்சம் கூடியிருக்கிறது. எழுதி வைத்துக்கொண்டேன், ஐயாவிடமும் சொன்னேன். ஃபில்டர் அடித் திருகைத் திறந்து டம்ளரில் பிடித்தபோது தெளிந்த டீசல் வந்தது. அவர் அந்த டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, தோப்பில் இப்போது மூடி போட்ட இரும்பு டிரம், மாட்டுக் கொட்டகைக்குள் நிழலில் இருக்கிறது என்றார். ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன் ஒரு தடவை அந்த டிரம்மின் அடியிலும் டம்ளர் வைத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.